ஜப்பான் பயணமும் ஒரு குளியல் பஞ்சாயத்தும்

என் கணவருக்கு ஜப்பான் மேல் காதல் வந்ததற்குக் காரணம் ஒரு ரயில். அந்த ரயில் ஒரே ஒரு நிமிடம் தாமதமாக வந்துவிட்டதாம். அதற்காக ஓட்டுநரும் நிலைய அதிகாரியும் பயணிகள் முன்னால் இடுப்பை வளைத்து நின்று மன்னிப்புக் கேட்கிற காணொளியை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு இரண்டாவது தடவை ஆறிக்கொண்டிருந்த நேரத்தில், போனை நீட்டியபடி வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பாரு. மனுசன்னா இவுகதான் மனுசங்க. நாம போயி ஒரு தடவ பாத்துட்டு வந்திரணும்."

காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட வந்துவிடுவதாகச் சொன்னவர் அவர். அப்போது மூன்றைத் தாண்டியிருந்தது. இடுப்பை வளைத்து நிற்பார் என்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தேன். கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு அருப்புக்கோட்டையில் உரக்கடை. போனில் "இந்தா வந்துட்டேன்" என்றால் இன்னும் கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றால் எழுந்து சாவியைத் தேடுகிறார். நேரம் தவறாமையின் மேல் அவருக்கு அளவு கடந்த மரியாதை உண்டு. தன்னிடம் இல்லாத பொருளின் மேல் எல்லோருக்கும் வருகிற மரியாதைதான்.

நான் கால்நடை மருத்துவர். திருச்சுழியைத் தாண்டி, பரளச்சிப் பக்கத்தில் ஒரு கிராமத்து மருந்தகத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருகிறேன். என் நோயாளிகளுக்கு வாய்பேசத் தெரியாது என்பதால் வேலையில் எனக்கு மனநிம்மதி உண்டு. வீட்டில் கணவரும் மாமியாரும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். அவர்கள் ஜப்பானுக்கு வர மறுத்துவிட்டார்கள். "அப்பா கூடயா?" என்று கேட்டுவிட்டு இருவரும் போனை வைத்துவிட்டார்கள்.

ஆள் சேராமல் எதையும் செய்கிற வழக்கம் என் கணவருக்குக் கிடையாது. மறுநாளே பக்கத்துத் தெரு அண்ணனைக் கூட்டி வந்துவிட்டார். அவர்கள் முஸ்லிம் குடும்பம். அண்ணன் சவுதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கணவரும் அவரும் மச்சான், மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் நான் அவருக்குத் தங்கச்சி, அவர் மனைவி எனக்கு மதினி. மதினி கடற்கரைக்காரர். சாயல்குடிக்குக் கிழக்கே ஒரு ஊரில் பிறந்து இந்தக் கரிசல்காட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். அண்ணன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவருக்கு அதற்கான தேவை வந்ததில்லை.

இப்படியாக மொட்டைமாடியில் நாற்காலி போட்டு ஜப்பான் கமிட்டி கூடியது. கமிட்டியில் வெளிநாட்டு அனுபவம் உள்ளவர்கள் இரண்டு பேர். அண்ணனுடைய சவுதி அனுபவத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். என் கணவரை ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி பாங்காக்குக்குக் கூட்டிப்போயிருந்தது. அங்கே மூன்று வேளையும் ஒரு தமிழாள் நடத்திய மெஸ்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, தாய்லாந்துச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளாது என்ற முடிவோடு திரும்பி வந்தார். சாப்பிட்டுப் பார்க்காமலே அந்த முடிவுக்கு வந்தது அவருடைய திறமை. மதினியும் நானும் அனுபவமில்லாதவர்கள் என்பதால் டீ போடும் பொறுப்பு எங்களுக்கு வந்தது.

முதலில் எப்போது போவது என்ற பேச்சு. ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கினால் உரக்கடையைப் பூட்ட முடியாது. நோன்பு மாதத்தில் அண்ணன் குடும்பம் வராது. பெருநாள் முடிந்து, சித்திரை பிறப்பதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று முடிவானது. அந்தச் சமயத்தில்தான் அங்கே செர்ரிப் பூ பூக்கும் என்று கணவர் போனைப் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் முன்னே பின்னே ஆகுமாம். "நமக்காகப் பொறுத்திருந்து பூத்தாப் பாப்போம் மாப்ளே, இல்லாட்டி மரத்தப் பாத்துட்டு வருவோம்" என்று அண்ணன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அடுத்தது சாப்பாடு. இந்தப் பயணத்தின் நோக்கமே ஜப்பானியப் பண்பாட்டையும் சாப்பாட்டையும் அனுபவிப்பது என்று கணவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் யார் யாருக்கு எது ஆகாது என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மாட்டுக்கறி தொடமாட்டேன் என்றார் என் கணவர். செவ்வாயும் வெள்ளியும் கவிச்சியே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டார். பன்றி என்ற சொல்லைக்கூட அண்ணன் முழுதாகச் சொல்லவில்லை, "அது கூடாது" என்றார். ஹலால் இல்லாத ஆடும் கோழியும்கூட ஆகாது. சாராயம் ஊற்றிக் கொதிக்கவைத்த சாறு எதுவும் ஆகாது. ஜப்பான்காரர்கள் முக்கால்வாசிக் குழம்பில் அதை ஊற்றுகிறார்கள் என்று அண்ணன் ஒரு காணொளியில் பார்த்திருந்தார். பச்சை மீனும் பச்சை முட்டையும் நான் இருக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்றேன் நான். குடல்புழுவைப் பற்றி வருடக்கணக்காகப் படித்துப் பாஸானவள், அதை விலை கொடுத்து வாங்கித் தின்ன விமானம் ஏற முடியாது. மதினி கடைசியாக ஒன்றே ஒன்று சொன்னார்:

"எட்டுக் காலு இருக்குறது எனக்கு வேண்டாம்."

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் எங்களுக்காக ஜப்பானில் மிச்சமிருந்தவை சோறு, டீ, உப்புப் போட்டு அவித்த சோயா மொச்சை, வேகவைத்த மீன். அதில் மீனுக்குச் செவ்வாய், வெள்ளி விடுமுறை.

"வெந்த மீன் திங்கிறதுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போனாப் பத்தாதா?" என்றார் மதினி.

"அது பண்பாடு இல்லம்மா" என்றார் அண்ணன்.

"அப்ப ஊறுகா கொஞ்சம் கூடவே எடுத்துக்கிருவோம்" என்று கணவர் கூட்டத்தை முடித்துவைத்தார்.

அரசு வேலையில் இருப்பவள் வெளிநாடு போக வேண்டுமானால் துறையில் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு மேலிடத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பிரிவைப் பார்க்கிறவர் நல்ல மனிதர், ஓய்வு பெறப் போகிறவர். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார்.

"பண்பாடு, உணவுன்னு போட்டிருக்கீக டாக்டர். சாப்பிடப் போறேன்னு எழுதுனா மேல எப்பிடி அனுமதிப்பாக?"

"சாப்பிடத்தானே சார் போறோம்."

"சரித்தான். ஆனா எழுதக் கூடாதுல்ல. சுற்றுலான்னு போடுங்க. சுற்றுலா போனவுக அங்க பட்டினியாவா கெடப்பாக? அவுகளே புரிஞ்சுக்கிருவாக."

சுற்றுலா என்று மாற்றினேன். எங்கள் நிலவரத்தில் பட்டினி என்றே எழுதியிருக்கலாம்.

வெளியூர்க்காரர்கள் முன்னால் நம் மானம் போய்விடக் கூடாது என்ற கவலை பிறகு கணவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே போய்க் குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் முழித்தால் தமிழனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஆகவே இங்கேயே ஒரு ஒத்திகைச் சாப்பாடு. ஆன்லைனில் ஒரு பெட்டி வாங்கினார். உள்ளே கறுப்புக் காகிதம் போலக் காய்ந்த கடற்பாசித் தாள்கள், சின்ன மூங்கில் பாய், சாப்பிடும் குச்சிகள், பற்பசை போல ஒரு குழாயில் பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று. சோற்றைத் தாளில் பரப்பி, நடுவில் மீனை வைத்துப் பாயோடு சேர்த்துச் சுருட்டி, வட்டமாக வெட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்தார். சமைக்கும் நாளை அவர் குறித்தார், சமையலை நான் செய்தேன். ஜப்பானிலும் இப்படித்தான் என்று நம்புகிறேன்.

சோறு ஒட்டவில்லை. வீட்டில் இருந்த பொன்னி அரிசி பருக்கை பருக்கையாக நின்றது. சுருட்டினால் பாயின் இரண்டு ஓரத்திலும் கொட்டியது. கணவர் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அதில் வந்தவர் கையில் சோறு சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசியில் என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ரேசன் பச்சரிசியப் போடுத்தா. கொழகொழன்னுதான் வரும்" என்றார். போட்டேன். அப்படியே ஒட்டிக்கொண்டது. சரியாக வேகவில்லை, குழைந்துபோகிறது என்று தெருவே மாதாமாதம் திட்டிக்கொண்டிருந்த அரிசிக்கு அன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது.

மீனுக்கு வஞ்சிரம். பச்சையாக வைக்க நான் விடவில்லை. வேகவைத்தால் பிசுபிசுவென்று இருந்தது. ஆகவே மிளகாய்த்தூள் தடவி வறுத்து வைத்தோம். வறுத்த வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. இவ்வளவு பாடுபட்டு நாங்கள் செய்திருந்தது, கறுப்புத் தாளில் சுருட்டிய மீன்வறுவல் சோறு.

வரவேற்பறையில் பாய் விரித்துத் தாழ்வான ஸ்டூலைப் போட்டு, அவர்கள் வழக்கப்படி முழங்காலை மடித்துக் குதிகால் மேல் உட்கார வேண்டும் என்று கணவர் உத்தரவிட்டார். அண்ணனுக்குத் தொழுகையில் உட்கார்ந்து பழக்கம், சட்டென்று அமர்ந்துவிட்டார். மதினியும் அப்படியே. உத்தரவிட்டவர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிட்டது. வெளியே சொல்லவில்லை, முகம் சொல்லிற்று.

குழாயில் இருந்த பச்சைப் பொருளைப் பற்றி எங்களுக்கு நீண்ட எச்சரிக்கை தந்தார். அது பயங்கர உறைப்பு, மூக்கு வழியாக மூளைக்கு ஏறும், கடுகளவுக்கு மேல் தொடக்கூடாது. எல்லோரும் பயபக்தியோடு கடுகளவு எடுத்து நக்கினோம். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. என் மாமியார் இன்னும் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுக்காப்பா இம்புட்டுப் பேச்சு? பல்பொடி மாதிரி இருக்கு. ரசம் வச்சிருக்கியாத்தா?"

குச்சி வித்தை ஐந்து நிமிடம் நடந்தது. அண்ணன் ஒரு துண்டைத் தூக்கினார். அது வழுக்கி மதினியின் மடியில் விழுந்தது. என் கணவர் குச்சியைத் துண்டின் நடுவில் குத்தித் தூக்கினார். அப்படிக் குத்தக் கூடாது என்று அவர் காட்டிய காணொளியிலேயே சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு யாரும் யாரையும் பார்க்காமல் கையால் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

கடைசியில் இனிப்புக்கு மதினி ஒரு தூக்குவாளி கொண்டு வந்திருந்தார். கணவர் அதற்கு முந்தின வாரம் ஒரு காணொளியைக் காட்டி, இந்தக் கண்ணாடி போன்ற ஜெல்லியை அந்த ஊரில் கட்டாயம் சாப்பிட வேண்டும், கடற்பாசியிலிருந்து எடுப்பார்களாம், வேறெங்கும் கிடைக்காது என்று எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். மதினி வாளியைத் திறந்தார். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் உறையவைத்துச் சதுரம் சதுரமாக வெட்டிய கடல்பாசி. நோன்பு திறக்கும்போது வருடா வருடம் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்கு வருவது. என் கணவர் வருடா வருடம் இரண்டு கிண்ணம் சாப்பிடுவது.

"நீங்க அன்னைக்குக் காமிச்சது இதுதாண்ணே" என்றார் மதினி.

கணவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அவுக இன்னும் கொஞ்சம் நைஸா வெட்டுவாக" என்றார்.

அன்றைக்கே, பாயைச் சுருட்டி வைத்த பிறகு, அவர் நாள்வாரியான திட்டத்தைப் போனில் பார்த்துப் படித்தார். கோயில், கோட்டை, மீன் சந்தை, அதிவேக ரயில், இன்னொரு கோயில். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தித் தொண்டையைச் செருமினார். மலைப்பக்கத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, பூமிக்குள்ளிருந்தே கொதித்து வருகிற தண்ணீர், ஜப்பான்காரர்கள் அதில் கழுத்தளவு உட்கார்ந்திருப்பார்கள், அதை மட்டும் நானும் மச்சானும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்றார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அது வந்து தங்கச்சி, ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனிதான். ஆனா உள்ள போறப்ப… துணி கூடாதுங்குறான்."

"துண்டு?"

"அதத் தலையில வச்சுக்கிறணுமாம்" என்றார் என் கணவர், குரலைத் தாழ்த்தி.

என் மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். கேட்க வேண்டாதது மட்டும் நன்றாகக் கேட்கும். "என்னது? சுடுதண்ணியில உக்காரவா பிளேன்ல போறீக? சித்திர மாசம் மத்தியானம் நம்ம மாடி டேங்குல எறங்குங்க. கருக்கிப்புடும்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். விஷயம் முடிந்துவிட்டது என்று கணவர் அடுத்த கோயிலுக்குப் போனார். அப்போது மதினி சொன்னார்:

"நான் அதுக்குத்தான் வாரேன்."

யாருக்கும் புரியவில்லை. "எதுக்கு?" என்றார் அண்ணன்.

"குளிக்கத்தான். கோயிலு, ரயிலு எல்லாம் நீங்க பாருங்க. எனக்குக் குளிக்கணும்."

அண்ணன் சிரித்துப் பார்த்தார். மதினி சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஐந்தாறு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போலப் பேசிக் கேட்டேன்.

"எங்கூர்ல வாசலுக்கு முன்னாடி கடலு. வயசுக்கு வந்த பிள்ள எறங்கக் கூடாதுன்டாக. கட்டிக்கிட்டு இங்க வந்தேன். இங்க எறங்கலாம்னு யாராச்சும் சொன்னாலும் தண்ணி எங்க இருக்கு? ஒரு வாளியில குளிக்கிறேன். அதுலயும் அர வாளிய மிச்சம் பிடிச்சுத் துணி அலசுறேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, கழுத்து மட்டுக்கும் தண்ணியில உக்காரணும். யாரும் கதவத் தட்டக் கூடாது. அம்புட்டுத்தான்."

இந்த இடத்தில் எனக்குக் கிண்டலாக எதுவும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளுக்கு நல்ல நாள் பெரிய நாளுக்கு உரிய பரபரப்பு உண்டு. வாரம் தாண்டியும் வராமல் இருக்கும். ஆழ்குழாயில் வருவது உப்பு, தலையில் ஊற்றினால் முடி துடைப்பமாகும். தோள்வரைக்கும் கையை மாட்டின் வயிற்றுக்குள் விட்டுக் கன்றை இழுத்துவிட்டு வீட்டுக்கு வருகிற நாளிலும் நான் குளிக்கும்போது, டிரம்மில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண் ஒருபக்கம் பார்த்துக்கொண்டே இருக்கும். மதினி சொன்ன பிறகுதான், நானும் அதற்காகத்தான் போக ஆசைப்படுகிறேன் என்று தெரிந்தது. அதுவரை கோட்டை பார்க்கத்தான் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் நம்ம பழக்கத்துக்குச் சரிப்படாது" என்றார் அண்ணன். என் கணவரும் தலையாட்டினார். கமிட்டி பெரும்பான்மை பலத்தோடு குளியலை நீக்கியது. பெரும்பான்மை என்றால் இரண்டுக்கு இரண்டு.

விசாவுக்காகக் காகிதங்களை மதுரையில் ஒரு பயண ஏஜென்டிடம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் அண்ணன் எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தார். வழக்கமாக வாசலிலேயே "மாப்ளே" என்று சத்தம் கொடுப்பவர், செருப்பை ஓசையில்லாமல் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். பாதி குடித்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன சிக்கலு. உங்க மதினி அவ பாஸ்போர்ட்ட எடுத்துப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. குளியல் உண்டுன்னா பாஸ்போர்ட்டு வரும்கிறா. நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்துட்டேன். சண்ட போட்டாலும் பரவால்ல, சண்டையே போட மாட்டேங்குறா. தோசை ஊத்திக்கிட்டே இருக்கா. நீ படிச்ச பிள்ள, கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

"என்னண்ணே சொல்றது?"

"பாஸ்போர்ட்டக் குடுத்துருன்னு சொல்லு."

"சொல்லலாம்ணே. ஆனா என் பாஸ்போர்ட்டும் அந்தப் பீரோவுலதான் இருக்கு."

என் கணவர் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்தபடி வெளியே வந்தார். "எப்பக் குடுத்த?" என்றார்.

"முந்தாநாளு. பத்திரமா இருக்கட்டும்னு."

வெளிநாட்டு அனுபவம் மிக்க அந்த இரண்டு பேருக்கும், மனைவிமார் இல்லாமல் ஜப்பான் போனால் ஊறுகாய்ப் பாட்டிலை எந்தப் பையில் வைப்பது என்பதுகூடத் தெரியாது என்பதை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். கணவர்தான் முதலில் இறங்கி வந்தார்.

"சரி, நீங்க ரெண்டு பேரும் உள்ள போயி உக்காந்திருக்கிறப்ப நாங்க என்ன செய்யிறதாம்?"

"பண்பாட்ட அனுபவிங்க. அதுக்குத்தானே போறோம்."

அண்ணனுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். மற்ற பெண்கள் முன்னால் அப்படிக் குளிப்பது மதினிக்கும் பிடிக்காத விஷயம்தான். அதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். மதினிக்கு வேண்டியது தண்ணீர், கூட்டமில்லை. வேறு வழி உண்டா என்று நான் போனை எடுத்துத் தேடுகிறேன் என்றேன். அண்ணன் விடவில்லை. செல்போன் கடைக்காரர் இருக்கும்போது மாட்டு டாக்டர் தேடுவதா? அவரே தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். டீ ஆறிப்போனது. நான் இன்னொன்று போட்டுவந்தேன். அதுவும் ஆறிப்போன நேரத்தில் தொடையில் தட்டினார்.

"மாப்ளே! தனிக் குளியலு இருக்கு. குடும்பத்துக்குன்னு வாடகைக்கு விடுறான். நாம உள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுக்கிறலாம். ஒரு பய வர மாட்டான். துணி கட்டிக்கிட்டா என்ன, கட்டாட்டி என்ன, கேக்க ஆளு ஏது?"

இப்படி ஒன்று இருப்பதை மதினி ஒரு வாரம் முன்னாலேயே என்னிடம் போனில் காட்டிவிட்டார். அண்ணனிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். "நம்ம சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாக. அவுகளாக் கண்டுபிடிச்சா அவுகளே பத்து பேருகிட்டச் சொல்லுவாக" என்றார். அப்படியே நடந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டு வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஜப்பானியத் தனிக்குளியல் முறை பற்றித் தெரிந்துவிட்டது.

பீரோ திறந்தது. மறுநாள் விடிந்ததும் மதுரை பஸ்ஸைப் பிடிப்பதாக ஏற்பாடு. ஜப்பான் ரயிலை நினைத்து உருகுகிறவர் சவரம் செய்து முடிப்பதற்குள் முதல் பஸ் போய்விட்டது. இரண்டாவது பஸ்ஸில் நான்கு பேரும் நின்றுகொண்டே போனோம். ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்த பெண், "குரூப்புக்கு உணவு விருப்பம் ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டாள். அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். அவள் குறித்துக்கொண்டே வந்தவள் நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

விசா வந்துவிட்டது. பெருநாளும் முடிந்தது. அடுத்த வாரம் கிளம்புகிறோம். என் மாமியார் நாத்தனார் வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. சொந்தக்காரர்கள் வந்து வந்து ஒவ்வொரு சாமானாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருவர் நகவெட்டி கேட்டார், ஒருவர் டார்ச் லைட்டு. இரண்டும் நம் கடைவீதியிலேயே கிடைக்கும் என்றால், "அது ஜப்பானுது மாதிரி இருக்குமா?" என்கிறார்கள். என் கணவர் காலை மடித்து உட்காரும் பயிற்சியை விடவில்லை. இப்போது கடையில் மூட்டைகளுக்கு நடுவே செய்கிறாராம். எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்று வேலைக்காரப் பையன் சொன்னான்.

நேற்று மருந்தகத்துக்கு ஒரு பெரியவர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கு வந்திருந்தார். வழக்கமாக வருகிறவர்தான். அடுத்த வாரம் நான் இருக்கமாட்டேன், குடல்புழுவுக்கு இப்போதே மருந்து ஊற்றிவிடுகிறேன் என்றேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சப்பானா? அங்க ஆடு மாடு சாஸ்தியோ?"

"அப்பிடி ஒண்ணும் இல்லய்யா."

"பெறகு எதுக்குத்தா அம்புட்டுத் தூரம்?"

சுற்றுலா என்று சொல்லலாம். பண்பாடு என்றும் சொல்லலாம். ஆட்டின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன், பொய் யோசிக்க நேரமில்லை.

"குளிக்கய்யா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மருந்து உள்ளே இறங்கும்வரை ஆட்டின் தாடையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார்.

"அதுஞ்சரிதான். நம்ம கம்மாயில எங்கிட்டுத் தண்ணி கெடக்கு" என்றார்.

ஆட்டை இறக்கிவிட்டார். அது தும்மிவிட்டு என் சேலையில் வாயைத் துடைத்துக்கொண்டது. அடுத்தவர் இரண்டு கோழிகளோடு உள்ளே வந்தார்.